ரோதைமுனி சமூகமளிக்கவில்லை

குற்றம் நடந்தது காலை நேரத்தில். சந்தேக நபர்கள் பதினெட்டுப் பேர். அதில் பாதிப் பேருக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. ஒருவனுக்குக் கால்சட்டைப் பொத்தான் போடத் தெரியாது. ஒருத்தி, விசாரணை தொடங்குவதற்கு முன்பே பாயில் தூங்கிவிட்டாள்.

"ஒருத்தரும் வெளியில போகக்கூடாது!"

வெள்ளை ஜீப்பிலிருந்து இறங்கும்போதே கத்தினார் தர்மகுலராஜா. யாருக்கும் வெளியில் போகிற எண்ணம் இல்லை. அவித்த கடலை இறக்குகிற நேரம் அது.

தர்மகுலராஜா, முன்பள்ளி இயற்கைப் புரிதல் மதிப்பீட்டுச் சபையின் உதவிப் பணிப்பாளர். இப்படி ஒரு சபை கொழும்பில் இருப்பது நமுனுகுல மலைக்குக் கீழே கிடக்கும் வெள்ளைப்பாறைத் தோட்டத்துக்கு அதுவரை தெரியாது. இயற்கைக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை.

அவருக்குப் பின்னால் ஒரு கோப்பை மார்போடு அணைத்தபடி ஹஸீப் இறங்கினார். பதுளை டவுன்காரர். சபையின் எழுதுவினைஞர். என்ன சொன்னாலும் எழுதுவார். எதையும் நம்பமாட்டார்.

"இங்க டீச்சர் யார்?"

"நான்தாங்க சேர். சிவசக்தி."

"உதவி டீச்சர்?"

"அதுவும் நான்தாங்க."

"கடலை அவிக்கிறது?"

சிவசக்தி கரண்டியைக் கீழே வைத்தாள்.

நடந்தது இதுதான். போன மாதம் சபையிலிருந்து ஒரு கட்டுப் படங்கள் வந்திருந்தன. பூனை, கல், மலை, மரம், சூரியன், இயந்திரம் என்று வரிசையாக. பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து உயிருள்ளதைப் பச்சைத் தட்டிலும், உயிரற்றதைச் சிவப்புத் தட்டிலும் வைக்க வேண்டும். நாலு வயதுப் பிள்ளைகள் இயற்கையை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று அறிய நாடு முழுக்க இந்த ஏற்பாடு. மற்ற இடங்களில் பிள்ளைகள் தாறுமாறாக வைத்திருந்தார்கள். ஒன்று சூரியனுக்கு உயிர் கொடுத்தது. ஒன்று மரத்தைச் சாகடித்தது. அதெல்லாம் வயதுக்கு ஏற்ற பிழை என்று சபை மன்னித்தது.

வெள்ளைப்பாறையில் மட்டும் எல்லாப் பிள்ளைகளும் இயந்திரத்தைப் பச்சைத் தட்டில் வைத்திருந்தார்கள். ஒன்றுகூடத் தயங்கவில்லை.

அங்கேதான் சபைக்கு மூக்கில் வியர்த்தது.

"ஒரு பிள்ளை பிழை விட்டா அது குழந்தைத்தனம்," என்றார் தர்மகுலராஜா. "எல்லாப் பிள்ளையும் ஒரே பிழையை விட்டா அது சதி. கேள்வி கசிஞ்சிருக்கு. யாரோ பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுத்திருக்கினம்."

"கசியவிடுறதா இருந்தா சரியான பதில சொல்லிக் குடுத்திருப்பேனே சேர்?"

"அதுதான் சந்தேகத்துக்கு இடமாயிருக்கு. சாதாரண கள்ளன் சரியான விடையைக் களவெடுப்பான். பிழையான விடையைக் களவெடுக்கிறவன் எவ்வளவு பெரிய ஆளாயிருக்க வேணும்? எழுதும் ஹஸீப்."

ஹஸீப் எழுதினார்.

"விசாரணை முடியுமட்டும் உங்கட பதிவு இடைநிறுத்தம். நிரூபணமானா முன்பள்ளியை மூட வேண்டியதுதான்."

அம்மாக்கள் பிள்ளைகளைச் சிவசக்தியிடம் விட்டுவிட்டுத்தான் பெரட்டுக்கு, காலை ஆளெடுப்புக்கு, ஓடி மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகிறார்கள். முன்பள்ளியை மூடினால் பிள்ளைகளுக்கு மிஞ்சுவது வரிசை வீடுகளான லயத்து வாசலும், அங்கிருந்து தேயிலை ஆலையான ஸ்டோர் வரை போகும் பாதையும்தான். அந்தப் பாதையை நினைத்தபோதுதான் அவளுக்குப் பயம் பிடித்தது.

ஸ்டோரில் கொழுந்து அரைக்கிற அறையான ரோலர் காம்பராவின் கதவு நேரே பாதையில் திறக்கிறது. கதவை ஒட்டியே இயந்திரத்தை ஓட்டும் பட்டை வார் சுற்றுகிறது. அதற்கு முன்னால் ஒரு கம்பிவலை இருந்தது. யாரோ கழற்றிக்கொண்டுபோய்க் கோழிக்கூட்டுக்குப் போட்டுவிட்டார்கள். புதிதாகப் போட்டுத் தருவதாகத் தோட்டத்துத் துரை சொல்லியிருந்தார். அவருக்குப் பிறகு வந்த துரையும் சொன்னார்.

*

தர்மகுலராஜா அறையைச் சுற்றி வந்தார். ஜன்னலருகே நின்றார். அவர் கண்கள் இடுங்கின.

"இது எப்பவும் இங்கதான் இருக்கோ?"

"எதுங்க சேர்?"

"அந்த மலை."

"நமுனுகுலங்களா? ஆமாங்க."

"பரீட்சை நேரமும்?"

சிவசக்தி யோசித்தாள். "அன்னைக்குக் கொஞ்சம் பனி மூட்டமா இருந்துச்சுங்க."

"முழுசா மறைஞ்சதோ?"

"பாதிங்க."

"எழுதும் ஹஸீப். பாதி விடை வெளியில தெரிஞ்சிருக்கு."

அவர் திரும்பிச் சிவசக்தியைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. வேதனை இருந்தது.

"இயற்கை எண்டுறது பாரதூரமான விசயம் டீச்சர். அதைப் பிள்ளைகளின்ட கண்ணுக்கு முன்னால அப்படியே திறந்துவிட ஏலாது. நான் சபையில சேர்ந்த நாளிலேருந்து இயற்கையைத்தான் படிக்கிறன். ஒரு நாளாவது ஜன்னலைத் திறந்திருப்பனோ? கிட்டப் போய்ப் பார்த்தா நடுநிலைமை போயிடும்."

அன்றே ஜன்னல்களுக்கெல்லாம் காக்கித் தாள் ஒட்டப்பட்டது. வாசலில் நின்ற கொய்யா மரம், மரம் என்ற கேள்விக்கான விடையைப் பகிரங்கமாகக் காட்டிக்கொண்டிருந்தபடியால், அதை நீலப் படங்கு போட்டு மூடிக் கயிறு கட்டினார்கள். படங்கின் மேல் ஒரு மைனா வந்து உட்கார்ந்து மூன்று தடவை கத்தியது. சைகை என்று தர்மகுலராஜா சந்தேகித்தார். ஹஸீப் கைதட்டித் துரத்தினார்.

பிறகு பூனை. முன்பள்ளியில் கடலைத் தோலுக்கு அலைகிற சாம்பல் பூனை. பூனைப் படத்தை எல்லாப் பிள்ளைகளும் சரியாக வைத்ததன் மர்மம் அப்போதுதான் துலங்கியது. அதைப் பிடித்து ஒரு கொழுந்துக் கூடையைக் கவிழ்த்துத் தடுத்துவைத்தார்கள். கூடைக்குள் இருந்தபடியே அது விடையைச் சொல்லிக்கொண்டிருந்தது.

அடுத்து வாக்குமூலம். பிள்ளைகளை ஒவ்வொருவராக அலுமாரிக்குப் பின்னால் கூப்பிட்டார்கள். முதலில் துஷாந்த். பொத்தான் போடத் தெரியாதவன். ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டே வந்தான்.

"தம்பி, உயிருள்ளது எண்டா என்ன?"

"சாப்புடும்."

"மரம் சாப்பிடுமோ?"

"ஆமா. ஒரம் போடுவாங்கள்ல."

"அப்ப தேயிலைச் செடிக்கு உயிர் இருக்கோ?"

துஷாந்த் கால்சட்டையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டான்.

"தெரியல. அது தொரையோடது."

"மழைக்கு?"

"மழ வந்தா அம்மா வெரசா வந்துரும்."

"எழுதவோ சேர்?" என்றார் ஹஸீப்.

"பொருத்தமில்லாத விடை எண்டு எழுதும்."

இப்படியே ஒவ்வொருவராகப் போனார்கள். கடைசியில் விதுஷா வந்தாள். கொழுந்தெடுக்கும் நிஷாந்தினியின் மகள். பயம் தெரியாத முகம். வந்ததும் தர்மகுலராஜாவின் சப்பாத்தைப் பார்த்தாள், பிறகு தொப்பையைப் பார்த்தாள், கடைசியில் முகத்துக்கு வந்தாள்.

"பிள்ளை, இயந்திரம் உயிரோட இருக்கு எண்டு உமக்கு யார் சொன்னது?"

"யாரும் சொல்லல."

"டீச்சர் சொன்னவவோ?"

"இல்ல."

"பயப்பிடாமச் சொல்லும். யாரால உமக்கு அது தெரியும்?"

விதுஷா கொஞ்சம் குனிந்து, ரகசியமாகச் சொன்னாள்.

"முனி."

*

"யார் இந்த முனி?"

கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார் தர்மகுலராஜா. குரல் மாறியிருந்தது.

"ரோதமுனிங்க. ஸ்டோருல இருக்காரு," என்றாள் சிவசக்தி.

"ஆக, ஆளைத் தெரியும்."

"இங்க எல்லாருக்கும் தெரியுங்க சேர்."

"எவ்வளவு காலமா இருக்கிறார்?"

"ஸ்டோர் கட்டுன நாள்லருந்துங்க. வெள்ளக்காரன் காலம்."

"ஓய்வு வயசு தாண்டியும் வேலையில. எழுதும். பிள்ளைகள் அவரிட்டப் போறவையோ?"

"தெனம் அந்த வழியாத்தாங்க வர்றாங்க. ரோத ஓடுற சத்தம் கேட்டா அந்தப் பக்கமா ஒதுங்கி நின்னு கும்புட்டுட்டு ஓடியாந்துருவாங்க."

"கும்பிடுற அளவுக்கு வெருட்டி வச்சிருக்கிறார். ஏதும் வாங்குறவரோ?"

"வருஷத்துக்கு ஒரு தடவ ஆடு குடுப்பாங்க சேர். சில வீட்டுல சேவல். சுருட்டு, சாராயம் வப்பாங்க."

ஹஸீபின் பேனா நின்றது. அவர் தலையைத் தூக்கவில்லை. தோள் மட்டும் லேசாகக் குலுங்கியது.

"சாராயம்! முன்பள்ளிக்குப் பக்கத்தில! கையோட கூட்டிக்கொண்டு வாங்கோ அந்த ஆளை!"

"கூப்புட்டா வரமாட்டாருங்க. நாமதான் போவணும்."

"அவ்வளவு பெரிய ஆளோ?"

"சேர்," என்றார் ஹஸீப் மெதுவாக. "அது சாமி."

கூடைக்குள்ளிருந்து பூனை கத்தியது.

தோட்டத்துக்குப் புதிதாக வருகிற யாருக்கும் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ரோதை என்றால் ஸ்டோர் இயந்திரம். அதைக் காக்கிற முனி ரோதைமுனி. ரோலர் காம்பராவின் கதவருகே குங்குமம் பூசிய ஒரு கல்லும் சூலமும் இருக்கும். விளக்கேற்றாமல் ரோதையை ஓட்டுவதில்லை. ஆடு கொடுக்காவிட்டால் ஆளின் கையைக் கேட்பார் என்று பெரியவர்களே நம்புகிற இடத்தில், பிள்ளைகள் அதை உயிரற்றது என்று எந்த மனதோடு சிவப்புத் தட்டில் வைப்பார்கள்?

இதையெல்லாம் சிவசக்தி சொல்லி முடித்தாள். தர்மகுலராஜா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"நான் தெய்வ நம்பிக்கை உள்ள மனுசன் டீச்சர். வீட்டில பூசையறைகூட இருக்கு. ஆனால் கோப்பு திறந்தாச்சு. சந்தேக நபர் எண்ட இடத்தில பெயர் எழுதியாச்சு. பெயர் எழுதின கோப்பை வாக்குமூலம் இல்லாம மூட ஏலாது. மனுசனெண்டா சட்டம் தெரியாம நடந்துட்டான் எண்டு மன்னிக்கலாம். சாமிக்குச் சட்டம் தெரியாதெண்டு சொன்னா அது தெய்வ நிந்தனை. அழைப்பாணையைத் தயாரியும் ஹஸீப்."

*

அழைப்பாணை நேரில் சேர்ப்பிக்கப்பட வேண்டும் என்பது சட்டம். ஸ்டோருக்குப் போனார்கள். ரோலர்காரர் ரெங்கசாமி கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"நான் வாங்கிக்கலாங்களா? இல்ல சாமி கையிலதான் குடுக்கணுமா?"

"உரியவரிட்டத்தான் குடுக்க வேணும்."

"அப்ப சூலத்துல குத்திடுங்க. எப்பிடியும் படிச்சிருவாரு."

"கையொப்பம்?"

ரெங்கசாமி சூலத்தடியில் விரலைத் தொட்டு, தாளின் மேல் குங்குமத்தை வைத்தார். "அவரு பெருவெரல்னு வச்சுக்கங்க."

ஹஸீப் அதைக் கோப்பில் வைத்தபோது பக்குவமாக வைத்தார். வைத்த விரலைச் சட்டையில் துடைக்கவில்லை என்பதைச் சிவசக்தி கவனித்தாள்.

விசாரணை நாளில் முன்பள்ளியில் ஒரு நாற்காலி ஒதுக்கப்பட்டது. பெரியவர் உட்காருகிற நாற்காலி வேறு இல்லாததால் பிள்ளைகளின் குட்டி நாற்காலி. அரைநாள் வேலையை விட்டுவிட்டு வந்திருந்த அம்மாக்களில் நிஷாந்தினி முந்தானையிலிருந்து இரண்டு வெற்றிலையை எடுத்து அந்த நாற்காலியில் வைத்தாள்.

"என்ன அது?" என்று அதட்டினார் தர்மகுலராஜா.

"வெறும் நாக்காலில ஒக்கார வப்பாங்களா சேர் சாமிய? ஒங்க வீட்டுப் பூசையறையில எப்பிடி?"

தர்மகுலராஜா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஹஸீப் வாசலுக்குப் போய், நீதிமன்றத்தில் கூப்பிடுகிற மாதிரி மூன்று தடவை கூப்பிட்டார்.

"ரோதைமுனி! ரோதைமுனி! ரோதைமுனி!"

காலையிலிருந்து மின்சாரம் இல்லாமல் கிடந்த ஸ்டோர், மூன்றாவது கூப்பாட்டுக்கு உறுமிக்கொண்டு ஓடத் தொடங்கியது. சுவர் அதிர்ந்தது. வெற்றிலை நாற்காலியில் மெல்ல நகர்ந்தது. அம்மாக்கள் குலவையிட்டார்கள். பிள்ளைகள் எல்லாரும் கையைக் கூப்பிவிட்டார்கள்.

ஹஸீப் பேனாவைத் தூக்கிக்கொண்டு மேலதிகாரியைப் பார்த்தார்.

"என்ன பார்க்கிறீர்? சமூகமளிக்கவில்லை எண்டு எழுதும்."

தீர்ப்பு அங்கேயே வாசிக்கப்பட்டது. முனி என்பவர் தகைமைச் சான்றிதழ் இல்லாதவர். பதிவு செய்யாதவர். மதுபானம் பாவிப்பவர். அப்படியானவர் பிள்ளைகளுக்கு இயற்கையைக் கற்பித்தது பாரிய குற்றம். அவரைக் கைதுசெய்ய முடியாத நிலையில், பொறுப்பு டீச்சரைச் சேரும். அடுத்த கிழமை மறுபரீட்சை. ஒரே ஒரு பிள்ளை இயந்திரத்தைப் பச்சைத் தட்டில் வைத்தாலும் முன்பள்ளி மூடப்படும்.

ஜீப் போனதும் நிஷாந்தினி சிவசக்தியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மூடிருவாங்களா டீச்சர்? மூடிட்டா இதுகள எங்க வுடுறது? மலைக்கு இழுத்துட்டுப் போனா கங்காணி வெரட்டுவாரு. லயத்துல வுட்டா நாள் பூரா இந்த ஸ்டோர் பாதையிலதான் கெடக்குங்க."

"மூட மாட்டாங்க. நான் பாத்துக்குறேன்."

எப்படிப் பார்த்துக்கொள்வது என்பது அவளுக்குத் தெரியும். அதுதான் தூக்கத்தைக் கெடுத்தது. விடையைச் சொல்லிக்கொடுத்தாள் என்பது அவள்மீது இருந்த குற்றம். அந்தக் குற்றத்திலிருந்து தப்ப வேண்டுமானால் அவள் விடையைச் சொல்லிக்கொடுத்தே ஆக வேண்டும்.

*

"எல்லாரும் சொல்லுங்க. இயந்திரம் உயிரற்றது."

"இயந்திரம் உயிரற்றது!"

"மறுபடி."

"இயந்திரம் உயிரற்றது!"

விதுஷா மட்டும் வாயைத் திறக்கவில்லை.

"என்னடி?"

"அப்ப முனி?"

"முனி வேற. மெஷினு வேற."

"முனி எங்க இருக்கு?"

"மெஷினுல..." என்று ஆரம்பித்துச் சிவசக்தி நிறுத்திக்கொண்டாள். "சேர் வந்து கேட்டா மட்டும் இப்பிடிச் சொல்லு. போதும்."

"சேர் போனப்பறம் உயிர் வந்துருமா?"

இந்தப் பிள்ளை போய் அலுமாரிக்குப் பின்னால் நின்று இதையே கேட்டால் அவ்வளவுதான். வாயால் சொன்னால் போதாது, நம்ப வேண்டும் என்று சிவசக்திக்குப் பட்டது. அங்கேதான் அவள் புத்தி சறுக்கியது.

ஞாயிற்றுக்கிழமை ஸ்டோர் ஓடாது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ரோலர் காம்பரா வாசலில் நின்றாள். ரெங்கசாமி சாவியைக் கையில் வைத்துக்கொண்டு திறக்காமல் நின்றார்.

"வேணாம் டீச்சர். இது வெளையாட்டு இல்ல. இத்தன வருஷத்துல ஒரு புள்ள இந்தக் கதவ நெருங்குனதில்ல."

"பள்ளிக்கூடத்த மூடினா நாள் பூரா இங்கதாண்ணே நிக்கும்."

ரெங்கசாமி முனியின் பக்கம் திரும்பி எதையோ முணுமுணுத்தார். பிறகு திறந்தார்.

ஒவ்வொரு பிள்ளையாக உள்ளே போய் ரோதையைத் தொட்டது. வாரைத் தட்டிப் பார்த்தது. துஷாந்த் இரண்டு கையாலும் தொட்டதில் கால்சட்டை விழுந்தது. எல்லாரும் சிரித்தார்கள். விதுஷா கடைசியாக வந்தாள். ஒரு விரலை வைத்தாள். பிறகு முழு உள்ளங்கையையும் வைத்தாள்.

"ஜில்லுன்னு இருக்கு. செத்துப் போச்சா?"

"அதுக்கு உயிரே இல்ல."

"கடிக்காதா?"

சிவசக்தி வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

"கடிக்காது."

*

மறுபரீட்சை காக்கித் தாள் ஒட்டிய இருட்டு அறையில், குண்டு பல்ப் வெளிச்சத்தில் நடந்தது. மரம் படங்குக்குள் இருந்தது. பூனை கூடைக்குள் இருந்தது. மலை தாளுக்குப் பின்னால் இருந்தது. இயற்கை எந்த வகையிலும் தலையிட முடியாத சூழ்நிலையில், பிள்ளைகள் இயற்கையைப் பற்றிப் பதில் சொன்னார்கள்.

பதினெட்டு இயந்திரங்களும் சிவப்புத் தட்டில் விழுந்தன.

தர்மகுலராஜாவின் கண் கலங்கிவிட்டது.

"பார்த்தீரோ ஹஸீப்? எல்லாப் பிள்ளையும் ஒரே விடை! இதைத்தான் நாங்கள் புரிதல் எண்டுறம்."

"போன தடவையும் எல்லாரும் ஒரே விடைதானே சேர்?"

"அது கூட்டுச் சதி. இது கூட்டு வளர்ச்சி. வித்தியாசம் தெரியாட்டி நீர் எழுதுவினைஞராகவே இருக்க வேண்டியதுதான்."

முன்பள்ளிக்குப் பதிவு திரும்பக் கிடைத்தது. மாகாணத்தின் முன்மாதிரி முன்பள்ளி என்ற பட்டமும் கிடைத்தது. திங்கட்கிழமை பெயர்ப்பலகையோடு தானே வருவதாகச் சொன்னார். ஜன்னல் தாள்களைக் கிழிக்க வேண்டாம் என்றும், நல்ல பலன் தந்த முறையை மற்றத் தோட்டங்களுக்கும் சிபாரிசு செய்யப்போவதாகவும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று நிஷாந்தினி வீட்டிலிருந்து ரொட்டியும் கட்டச் சம்பலும் வந்தன. சிவசக்தி ருசித்துச் சாப்பிட்டாள்.

*

திங்கட்கிழமை. பெரட்டு முடிந்து அம்மாக்கள் மலையேறிவிட்டார்கள். சிவசக்தி பிள்ளைகளை லயத்திலிருந்து வரிசையாகக் கூட்டி வந்தாள். ஒரு வாரமாகப் பழுதாகி நின்ற ஸ்டோர் அன்று முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. தூரத்தில் வெள்ளை ஜீப் நின்றது. கொழுந்து லொறி பாதையை மறித்திருந்தது. தர்மகுலராஜா முன்னால் நடக்க, ஹஸீப் பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு பின்னால் வந்தார்.

ஸ்டோர் வளைவில்தான் சிவசக்திக்கு ஏதோ உறுத்தியது.

சத்தம் கேட்டதுமே பாதையின் அந்தப் பக்கம் ஓடுகிற பிள்ளைகள், இன்று ஓடவில்லை. ஒதுங்கவில்லை. யாரும் கும்பிடவில்லை. வரிசை நேராகக் கதவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. முன்னால் விதுஷா. ஞாயிற்றுக்கிழமை வைத்த மாதிரியே உள்ளங்கையை விரித்து நீட்டியிருந்தாள். வார் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

சிவசக்தி பாய்ந்தாள். மணிக்கட்டைப் பிடித்து இழுத்த வேகத்தில் இரண்டு பேரும் தரையில் விழுந்தார்கள்.

"எடு கைய! உயிர் இருக்கு! கடிக்கும்!"

விதுஷா அழவில்லை. கையை விடுவித்துக்கொள்ளப் பார்த்தாள். டீச்சரைச் சந்தேகமாகப் பார்த்தாள்.

"அன்னைக்குக் கடிக்காதுன்னீங்க."

"ஆமா."

"அன்னைக்குச் சொன்னது பொய்யா? இன்னைக்குச் சொல்றது பொய்யா?"

மற்றப் பிள்ளைகளும் கதவோரம் நின்று டீச்சரின் வாயையே பார்த்தார்கள். துஷாந்தின் கை வாரிலிருந்து ஒரு முழத் தூரத்தில் இருந்தது. சிவசக்தி நிமிர்ந்தாள். பத்தடி தள்ளித் தர்மகுலராஜா நின்றுகொண்டிருந்தார். பேனா மூடியைத் திறந்துவிட்டார்.

ஒரு சொல் சொன்னால் பள்ளிக்கூடம் போகும். சொல்லாவிட்டால் எது போகும் என்று அவள் யோசிக்கவில்லை.

"அன்னைக்குச் சொன்னதுதான் பொய்!" ரோதைச் சத்தத்துக்கு மேலே கத்தினாள். "எல்லாருக்குமே சொல்றேன். அன்னைக்கு டீச்சர் பொய் சொன்னேன். உயிர் இருக்கு!"

துஷாந்த் கையை இழுத்துக்கொண்டான். வரிசை கலைந்து பின்வாங்கியது. விதுஷா தன் கையைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

"ஹஸீப்!" தர்மகுலராஜாவின் குரல் வெற்றியில் நடுங்கியது. "கேட்டதோ? எழுதும்!"

ஹஸீப் பலகையைத் தலையிலிருந்து இறக்கி, தரையில் சாத்தி வைத்தார்.

"ரோத சத்தத்துல ஒண்டும் கேக்கல்ல சேர்."

"எனக்குக் கேட்டது!"

"சேர் ஒரு ஆள். குற்ற ஒப்புதலுக்கு ரெண்டு சாட்சி வேணுமெண்டு நம்மட சட்டத்திலயே இரிக்கி."

தர்மகுலராஜா பல்லைக் கடித்தார். ஒரு கணம்தான். பிறகு விதுஷாவுக்கு முன்னால் குந்தினார். முகத்தில் புன்னகையைக் கொண்டுவந்தார்.

"பிள்ளை, நீர் கெட்டிக்காரி. டீச்சர் இப்ப என்ன சொன்னவ? இயந்திரத்துக்கு உயிர் இருக்கு எண்டோ?"

சிவசக்தி கண்ணை மூடிக்கொண்டாள். நாலு வயதுப் பிள்ளைக்குப் பொய் சொல்லத் தெரியாது. தெரிந்தாலும் அப்படிச் சொல்லு என்று கேட்க அவளுக்கு இனி வாயில்லை.

விதுஷா அவரைப் பார்த்தாள். தரையில் கிடந்த டீச்சரைப் பார்த்தாள். அவருடைய தோளுக்குப் பின்னால் சுற்றிக்கொண்டிருந்த வாரைப் பார்த்தாள். எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாள்.

"இல்ல சேர்," என்றாள். பிறகு புத்தகத்தில் இருக்கிற மாதிரி, திருத்தமாக, "இயந்திரம் உயிரற்றது."

சொல்லிக்கொண்டே ஓரடி பின்னால் வைத்தாள்.

தர்மகுலராஜா எழுந்தார். சாட்சி கிடைக்காத ஏமாற்றத்தைவிடச் சபையின் வெற்றி பெரிதாகத் தெரிந்தது. எந்த அழுத்தத்துக்கும் மசியாத புரிதல்! இதை அறிக்கையில் எப்படி எழுதலாம் என்று யோசித்தபடியே ரோலர் காம்பராவின் கதவு நிலையில் வசதியாகச் சாய்ந்துகொண்டு, பேனாவை மூடத் தொடங்கினார். வாரின் காற்றில் அவருடைய கோட்டு நுனி படபடத்தது.

பிள்ளைகள் ஒரு வார்த்தை பேசாமல் பாதையின் அந்தப் பக்கம் போனார்கள். அங்கே வரிசையாக நின்று, அவரையும் அவருக்குப் பின்னால் சுற்றிய வாரையும் பார்த்துக் கையைக் கூப்பினார்கள்.

தர்மகுலராஜா மனம் நெகிழ்ந்து அவர்களுக்குக் கையசைத்தார்.